முப்பது விநாடி

மதுரையில் அந்த இயன்முறை டாக்டர்
என் தொடையை அழுத்திப் பார்த்துவிட்டுச் சொன்னார்:
"உங்களுக்கு வெள்ளை நார் அதிகம்னு நினைக்கிறேன்.
வெடிக்கும். உடனே ஓஞ்சிரும்."
ஏதோ பட்டாசைப் பற்றிப் பேசுவதுபோல.

தங்கச்சிமடம் திரும்பும் பேருந்தில்,
பாம்பன் பாலத்தில் காற்று ஜன்னலை அறைந்தபோதும்
அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

நான் மீன் வெட்டுகிறவன்.
நாருக்கு நிறம் உண்டென்று
எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.
சூரையைப் பிளந்தால் நடுமுள்ளை ஒட்டிக்
கட்டிய இரத்தம்போல் ஒரு கருஞ்சிவப்பு.
நிற்கவே தெரியாத மீன் அது.
ராவும் பகலும் நீந்தி
நீந்துவதையே மூச்சாக்கிக்கொண்டது.
களவா அப்படியில்லை.
பார் இடுக்கில் நாளெல்லாம் குந்தியிருக்கும்.
செவுள் மட்டும் அசையும்.
ஒரு பாய்ச்சல். வாய் மூடும். மறுபடி பொந்து.
அதன் சதை தும்பைப்பூ வெள்ளை.
சூரையைவிட விலையும் கூட.

என்னைக் களவா என்றே எண்ணிக்கொண்டேன்.
அந்தோணியார் திருவிழா ஆட்டத்தில்
ஒரே பாட்டில் நாலு பேரைத் தொட்டு
நடுக்கோட்டில் வந்து விழுந்தவனாயிற்றே.
பாடிப் போய்த் திரும்ப முப்பது விநாடி கொடுக்கிறார்கள்.
எனக்குப் பதினொன்று போதும்.
பன்னிரண்டாவதில்
தொடைக்குள் யாரோ உப்புக் காய்ச்சத் தொடங்குவார்கள்.
இரண்டாம் பாதியில்
"டிக்சனுக்குத் தண்ணி குடுங்கடா" என்பார்கள்.
இனி உட்கார் என்று அதற்கு அர்த்தம்.

வீட்டில் இதையெல்லாம் சொன்னேன்.
அமலோற்பவம் பாசிச் சாக்கைத் தைத்துக்கொண்டிருந்தாள்.
அமாவாசையை ஒட்டி ஆறு நாள்,
பௌர்ணமியை ஒட்டி ஆறு நாள்
கடலுக்குள் போகிறவள்.
விரல்களில் துணி சுற்றி, காலில் தகரம் கட்டி
மரிக்கொழுந்துப் பாசிக்கு முங்கி, எழுந்து, முங்கி.
ஒருமுறை வள்ளத்திலிருந்து எண்ணத் தொடங்கி
நூற்றுநாற்பதில் எனக்குத் தூக்கம் வந்துவிட்டது.
எடை போடுகிறவன் ஈரத்துக்கென்று
கிலோவுக்கு இவ்வளவு எனக் கழித்துக்கொள்வான்.

"டாக்டர் என்னதான் செய்யச் சொன்னார்?"
செய்து காட்டினேன்:
சுவரில் முதுகு, தொடை தரைக்குச் சமமாக,
அடியில் நாற்காலி இல்லாமல் உட்காருவது.
அவளும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.
தோற்றவர் ஒரு வாரம் தண்ணீர் எடுப்பது.

ஐம்பதாம் விநாடியில்
என் முழங்கால் தையல் மெஷின்போல் ஆடியது.
ஒரு நிமிடம் இருபதில் சரிந்தேன்.
அவள் அப்படியே இருந்து போனை எடுத்து
மண்டபத்துத் தங்கையோடு
சீட்டுப் பணத்துக்குச் சண்டை போட்டாள்.
சண்டை முடிந்தது. "அந்த முறத்தை எடு" என்றாள்.
மேசைபோல் நின்ற தொடையில் வைத்தேன்.
பூண்டு உரித்தாள்.
ஆறாவது நிமிடம் எனக்குத்தான் பயம் வந்தது.
"எந்திரிடி, போதும்."

இதே பொம்பளை
ஒருநாளும் ஓடிப்போய்ப் பஸ் பிடித்ததில்லை.
பின்னால் வருகிறேன் என்று நின்றுவிடுவாள்.
ஆனால் போன ஆடியில், காலடியில் திருக்கை புரண்டபோது
இடுப்பளவுத் தண்ணீரிலிருந்து
ஒரே எட்டில் வள்ளத்துக்குள் கிடந்தாளாம்.
கூடப் போனவர்கள் சொன்னார்கள்.
அந்த நாரை எங்கே வைத்திருந்தாய் என்று கேட்டேன்.
"எனக்கென்ன தெரியும், திருக்கையக் கேளு."

இரண்டுக்கும் நடுவே இன்னொரு ரகம் உண்டாம்,
பழக்குகிற பக்கம் கொஞ்சம் சாயுமாம்.
டாக்டர் கடைசியில் சொன்னது இது.
பீஸுக்குச் சில்லறை தேடியதில்
பாதிதான் காதில் விழுந்தது.

குழாயடிக்கும் வீட்டுக்கும் நூற்றுப்பத்து எட்டு.
மணல் பாதை.
பாட்டுக்காரன் குடம் எடுக்கிறான் என்று
பிள்ளைகள் பின்னாலேயே கபடி சொல்லி வருகின்றன.
நேற்று எட்டாவது குடத்தில் தொடை காய்ந்தது.
இன்றும் எட்டாவதில்தான்.
மூன்று நாள் ஆகியிருக்கிறது.
இடுப்பில் குடம் உட்காருகிற வாகு
இன்னும் பிடிபடவில்லை.